மழையில்லா நாளில் நனைந்த கூரை



சென்ற தை மாதத்தில், என் தாயார் உறங்கும் அறையின் உட்கூரையில், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிய மூலையில், ஒரு பழுப்புக் கறை தோன்றிற்று. முதலில் இடியப்பத் தட்டளவு இருந்தது. இரண்டு வாரத்தில் சுளகளவாயிற்று. உங்களில் சிலர் இதை ஏற்கெனவே அறிவீர்கள். ஆராதனைக்குப் பின் தேநீர் மேசையில் நானே சொல்லியிருக்கிறேன். சொன்னபோது என் அயலவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுவதற்காகவே இந்த வாரச் சிந்தனையை எழுதுகிறேன். வழக்கத்தைவிடச் சற்று நீளும். கூரை, மரம், பஞ்சு என்று வீட்டுக் காரியங்களும் அதிகம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் 11 ஆண்டுகளாக வாழும் இந்த வீடு 1930களில் கட்டப்பட்டது. லண்டனின் வடமேற்கே மெட்ரோபாலிட்டன் ரயில் பாதை நெடுகிலும் வயல்வெளிகள் வீடுகளாக மாறிய காலம் அது. ஹரோவிலும் அதைச் சுற்றிலும் குடியிருக்கிற உங்களில் பலருடைய வீடுகளும் ஏறக்குறைய இதே வயதுடையவை. நடுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள், சரிந்த ஓட்டுக் கூரை, இரு வீட்டுக்கும் பொதுவான புகைபோக்கி. ஓட்டுக்கும் உட்கூரைக்கும் இடையில் இருக்கும் இருண்ட வெளியை இங்கே லொஃப்ட் என்கிறார்கள். நாம் அதைப் பரண் என்று சொல்லிக்கொண்டாலும், ஊரில் குசினிக்கு மேலே இருந்த பரணுக்கும் இதற்கும் ஒற்றுமை குறைவு. அங்கே ஓட்டிடுக்கால் காற்று புகுந்தது, அடுப்புப் புகை வெளியேறிற்று, கட்டித் தொங்கவிட்ட வெங்காயப் பிடிகள் அந்தப் புகையில் மாதக்கணக்காகப் பழுதின்றி இருந்தன. கூரை தானாகவே மூச்சுவிட்டது. அதை ஒருவரும் கவனித்ததில்லை. கவனிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

என் அயலவர் தனித்து வாழும் 81 வயது முதியவர். அதற்கு முந்திய புரட்டாதியில் ஆட்களை அழைத்து, புகைபோக்கியின் செங்கல் இடுக்குகளுக்குப் புதுச் சாந்து பூசி, அது கூரையைச் சந்திக்கும் இடத்தில் பழைய ஈயத் தகட்டையும் மாற்றுவித்திருந்தார். கறை தோன்றிய மூலையோ அந்தப் புகைபோக்கிக்கு நேர் கீழே இருந்தது. எனக்கு வேறு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. அவருடைய வேலையாட்கள் எதையோ உடைத்துவிட்டார்கள், அதன் வழியே மழைநீர் என் வீட்டுக்குள் இறங்குகிறது என்று ஒரே மாலைப்பொழுதில் தீர்த்துவிட்டேன். மறுநாள் அவருடைய வாசலில் நின்று அதைச் சொல்லவும் செய்தேன். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் ஒரு போதகர் பேசவேண்டிய விதத்தில் பேசவில்லை. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“மழை பெய்யாத நாட்களிலும் அந்த இடம் நனைகிறதா என்று பார்த்தீர்களா?”

தப்பித்துக்கொள்ளும் பேச்சு என்றே அதை எடுத்துக்கொண்டேன். வீட்டுக் காப்புறுதிக்காரருக்குக் கடிதம் எழுதப்போவதாகச் சொல்லித் திரும்பிவிட்டேன். அதன் பின்னரே தேநீர் மேசைப் பேச்சு.

லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை நாம் ஆராதனையில் வாசிப்பது அரிது. வீட்டுச் சுவரில் தோன்றும் பூஞ்சணத்தைப் பற்றிய பிரமாணம் அது. எனக்கும் அது பெயரளவிலேயே பழக்கம். கறை விரிந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு காலை வேத வாசிப்பின் ஒழுங்கில் அந்தப் பகுதி வந்தபோது, முதலில் சிரிப்பு வந்தது; பின்பு வாசிப்பை நிறுத்திவிட்டேன். அங்கே வீட்டுக்காரன் ஆசாரியனிடம் போய், என் வீட்டில் ஏதோ காணப்படுகிறது என்று சொல்லவேண்டும். அண்டை வீட்டாரைக் குறித்து முறையிட அந்தப் பிரமாணத்தில் இடமே இல்லை. ஆசாரியன் வருமுன் வீட்டிலுள்ள பொருள்கள் யாவும் வெளியே கொண்டுவரப்படவேண்டும். அவன் வந்து, சுவரில் பச்சையும் சிவப்புமான குழிகள் உண்டா என்று பார்க்கிறான். பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லுகிறதில்லை. வீட்டை ஏழு நாள் அடைத்துவைத்து, மறுபடியும் வந்து பார்க்கிறான். பரவியிருந்தால் மாத்திரமே கல்லைப் பெயர்க்கவும் சாந்தைச் சுரண்டவும் கட்டளையிடுகிறான்.

பார்க்கவேண்டிய ஊழியம் ஆசாரியனுடையது. நானோ பரணுக்குள் தலையை நுழைத்தும் பார்த்திருக்கவில்லை.

நம் சபையில் கட்டட வேலை செய்யும் சகோதரர் ஒருவரிடம் துணைக்கு வரக் கேட்டேன். மாசி மாதத்து முதல் வாரம். ஐந்து நாட்களாக ஒரு துளி மழையும் இல்லை. வெளியே புல்வெளி உறைபனியால் வெளுத்திருந்தது. அந்தக் காலையையே அவர் தெரிந்துகொண்டது ஏன் என்று பின்னரே விளங்கிற்று. முகமூடி, கையுறை, டோர்ச், முழந்தாளுக்கு ஒரு பலகை. ஏறுமுன் அவர் சொன்ன முதல் எச்சரிக்கை உத்தரங்களில் மாத்திரமே கால் வைக்கவேண்டும் என்பது. உத்தரத்துக்கும் உத்தரத்துக்கும் இடையில் இருப்பது மெல்லிய மரச்சட்டங்களின் மேல் பூசிய பழைய சாந்து. அது ஓர் ஆளின் பாரத்தைத் தாங்காது. போதகரின் கால் தன் கட்டிலுக்கு மேலே தொங்கும் காட்சியை அம்மாவுக்குக் காட்ட நான் விரும்பவில்லை. மெதுவாகவே நகர்ந்தேன்.

அவர் முதலில் புகைபோக்கியின் செங்கல்லில் என் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். வறண்டிருந்தது. சாந்து இடுக்கில் விரலை ஓட்டினேன். தூசு வந்தது, ஈரம் வரவில்லை. பின்பு டோர்ச்சைக் கூரையின் உட்புறத்துக்குத் திருப்பினார். ஓடுகளுக்கு அடியில் விரித்திருக்கும் தார்த்தாளில், மேலிருந்து கீழ்வரை, ஆயிரக்கணக்கான நீர்த்துளிகள் அரும்பி நின்றன. சலாகைகளிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஆணி முனைகள் ஒவ்வொன்றிலும் வெண்மையாகப் பனி பூத்திருந்தது. வடக்குச் சரிவின் கைமரங்களில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம். ஐந்து நாள் மழையில்லை. கூரை உள்ளிருந்து நனைந்திருந்தது.

“பாஸ்டர், இப்ப லைட்டை ஒருக்கா நிப்பாட்டுங்கோ,” என்றார்.

இருவருடைய டோர்ச்சையும் அணைத்தோம். கும்மிருட்டு. சிறிது நேரம் கழித்து, “என்ன தெரியுது?” என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்றேன். “அதுதான் பிழை,” என்றார். கூரை சுவரைச் சந்திக்கும் இறவாரத்தின் நெடுகிலும் மெல்லிய கோடாகப் பகல் வெளிச்சம் தெரியவேண்டுமாம். வெளிச்சம் நுழையும் இடத்தில்தான் காற்றும் நுழையும். எங்கள் வீட்டில் அந்தக் கோடு இல்லை. அதை அடைத்தவன் நான். ஆறு வருடங்களுக்கு முன், வெப்பக்காப்புப் பஞ்சுச் சுருள்களை வாங்கி, ஒரு சனிக்கிழமை முழுவதும் முழந்தாளில் ஊர்ந்து விரித்தேன். இறவார மூலையில் குளிர்காற்று முகத்தில் அடித்தது. நல்ல காரியம் செய்கிறேன் என்ற மனநிறைவோடு, எஞ்சிய பஞ்சையெல்லாம் அந்த இடுக்குகளில் திணித்து அடைத்தேன்.

இரண்டாவது காரியம் அதைவிட எளிது. குளியலறையின் ஈரக்காற்றை விசிறி இழுத்து ஒரு குழாய் வழியே வெளியே தள்ளவேண்டும். அந்தக் குழாய் வெளித்துளையிலிருந்து கழன்று, பஞ்சின்மேல் படுத்துக் கிடந்தது. அதன் வாய் அம்மாவின் அறை மூலையை நோக்கியிருந்தது. கிறிஸ்மஸ் மரப் பெட்டியைத் தள்ளி வைத்தபோது நானே அதைக் கழற்றியிருக்கவேண்டும். வேறொருவரும் அங்கே ஏறுவதில்லை. அன்றுமுதல் எங்கள் வீட்டார் ஐவரின் குளியல் ஆவியும் பரணுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. ஏறும் வாயிலின் பலகையும் சட்டத்தில் சரியாகப் பொருந்தாமல் கிடந்தபடியால், மற்ற ஆவிகளும் அதன் விளிம்பு வழியே மேலேறின.

மற்ற ஆவிகள் என்று சொன்னேன். சோறு வடித்த ஆவி, புட்டுக் குழலின் ஆவி, ரேடியேட்டரின்மேல் காயப்போட்ட உடுப்புகளின் ஈரம், இரவெல்லாம் நாம் விடும் மூச்சு. ஒரு குடும்பத்திலிருந்து நாளொன்றுக்குப் பல லீற்றர் நீர் இவ்விதமாகக் காற்றில் கலக்கிறது. வெதுவெதுப்பான காற்று அதைச் சுமந்து மேலே போகிறது. அங்கே குளிர்ந்த தார்த்தாளைத் தொட்டவுடன், குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறத்தில் அரும்புவதுபோல, மறுபடியும் நீராகிறது. பஞ்சு அதிகமாக விரித்த வீட்டில் இது இன்னும் கூடும். வீட்டின் வெப்பம் கீழேயே நிற்கும். பரண் வெளிக்காற்றளவு குளிரும். ஆகையால் எவ்வளவு பஞ்சு விரிக்கிறோமோ அவ்வளவு காற்றோட்டமும் வேண்டும். நான் ஒன்றைக் கூட்டி மற்றதை அடைத்துவிட்டேன்.

பரண் முழுவதையும் வெறுமையாக்கவேண்டும் என்று சகோதரர் சொன்னபோது லேவியராகமம் மறுபடியும் நினைவுக்கு வந்தது. 27 பெட்டிகள் இறங்கின. அவற்றுள் ஒன்று என் தகப்பனாருடைய குறிப்புப் புத்தகங்கள் இருந்த பெட்டி. 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய அந்த இரவில், அம்மா உடுப்புகளைக் குறைத்துக்கொண்டு சுமந்து வந்தவை. “தம்பி, அந்தப் பெட்டியை ஒருக்கா இறக்கித் தா,” என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்திரமாக இருக்கிறது, பிறகு எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு புத்தகங்களில் மூன்று பூஞ்சணம் பிடித்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டாத தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, முற்றத்தில் ஒடியல் காயவைப்பவரைப்போல ரேடியேட்டரின்மேல் பரப்பினார். அந்த ஈரமும் பரணுக்கே போகும் என்று சொல்லி என் மனைவி யன்னலைத் திறந்துவைத்தார். மூன்று புத்தகங்களில் ஒன்று இனித் திறக்காது. அது எந்த வருடத்துக் குறிப்புகள் என்றும் அறிய வழியில்லை; அட்டையில் எழுத்து எஞ்சவில்லை.

வேலை பங்குனியில் மூன்று சனிக்கிழமைகள் நடந்தது. இறவாரத்தில் திணித்த பஞ்சை நான் என் கையாலேயே பிடுங்கினேன். கைமரங்களுக்கு இடையில் நெளிவுள்ள பிளாஸ்டிக் தட்டுகளைப் பொருத்தி, பஞ்சுக்கும் தார்த்தாளுக்கும் நடுவே ஐந்து சென்ரிமீற்றர் வழி விட்டோம். இப்படிச் சரிந்த கூரைக்கு இரு பக்க இறவாரங்களிலும் நெடுகிலும் 10 மில்லிமீற்றர் திறப்புக்குச் சமமான காற்றுவழி இருக்கவேண்டும் என்பது இந்நாட்டுக் கட்டட விதி. சிறுவிரல் நுழையாத இடைவெளி அது, அது போதுமானதாயிருக்கிறது. விசிறிக்குப் பஞ்சு சுற்றிய புதுக் குழாய் இட்டு, கூரைக்கு வெளியே கொண்டுபோய் இறுக்கினோம். வாயிற்பலகையின் விளிம்பில் ரப்பர்ப் பட்டி ஒட்டி, குழாய்களும் வயர்களும் உட்கூரையைத் துளைத்து வரும் இடங்களை அடைத்தோம். அடைக்கவேண்டிய இடம் அதுவாக இருந்தது.

நசுங்கிப்போன பழைய பஞ்சை அகற்றி, உத்தரங்களுக்கு இடையில் 100 மில்லிமீற்றர், அவற்றின்மேல் குறுக்காக 170 மில்லிமீற்றர் விரித்தோம். மொத்தம் 270, இந்நாட்டில் கனிமக் கம்பளிக்குப் பரிந்துரைக்கப்படும் தடிப்பு இது. வெப்பக்காப்பே இல்லாத வீட்டில் ஏறக்குறையக் கால் பங்கு வெப்பம் கூரை வழியே போய்விடுகிறதாகையால், இந்தச் செலவு வீணாகாது. பெட்டிகளைப் பஞ்சின்மேல் வைத்து நசுக்கினால் அதன் பயன் போய்விடும்; கால்கள் வைத்து உயர்த்திய பலகைத் தட்டில் வைக்கவேண்டும். 27 பெட்டிகளில் 9 மாத்திரமே திரும்ப ஏறின. மீதியைக் குறித்து வீட்டில் நடந்த சம்பாஷணையை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

மரங்களைச் சகோதரர் ஒவ்வொன்றாகக் கூரான இரும்பூசியால் குத்திப் பார்த்தார். ஒரு கைமரத்தின் அடி தவிர மற்றவை கெட்டியாக இருந்தன; அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் புதுமரம் சேர்த்து இறுக்கினார். பூச்சி அரித்த சிறுதுளைகளும் இருந்தன. அவற்றின் கீழே புதிய மரத்தூள் உதிராதபடியால் பழைய துளைகள் என்றார். ஈரமானி 24 விழுக்காடு காட்டிற்று. மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்திருந்தால் உளுத்துப்போக ஆரம்பிக்கும்.

உங்களில் பழைய வீடுள்ளவர்களுக்குச் சில காரியங்களைச் சொல்லவேண்டும். பஞ்சுக்கு அடியில் புதைந்த மின்கம்பி, விசேஷமாக மின் ஷவருக்குப் போகும் தடித்த கம்பி, சூடேறும். எங்கள் வீட்டிலும் அப்படியே இருந்தது, பதிவுபெற்ற மின்வேலையாளரை அழைத்து மாற்றவேண்டியதாயிற்று. உட்கூரையில் பதித்த விளக்குகளையும் பஞ்சால் மூடாதிருங்கள். பஞ்சுக்குப் பதிலாகச் சிறு கூழாங்கல்போல மினுங்கும் துகள்கள் கொட்டியிருந்தாலும், பழைய சாம்பல்நிறச் சிமெந்துக் குழாயோ தொட்டியோ இருந்தாலும், தொடாமல் இறங்கிவிடுங்கள். அவற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். இந்த நாட்டில் அது முற்றிலும் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். வௌவால்கள் தங்கும் அடையாளம் கண்டால், அவை அப்போது அங்கே இல்லாவிட்டாலும், அந்த இடத்தைக் குலைப்பது சட்டப்படி குற்றம். முதலில் ஆலோசனை கேளுங்கள்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி.

பரணிலிருந்து இறங்கிய அன்றே அயலவரிடம் போயிருக்கவேண்டும். போகவில்லை. வேலை முடியட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நாட்கள் சென்றன. பரண் வேலையின் முதல் சனிக்கிழமை இரவு, முகத்தில் தூசியோடேயே அவருடைய வாசலில் நின்றேன். கூரை நனைந்தது எங்கள் வீட்டு ஆவியால், அதை அடைத்துவைத்தவன் நான், உங்கள்மேல் குற்றம் சுமத்தினது தவறு, பிறரிடமும் அப்படிச் சொன்னது அதைவிடத் தவறு என்று சொன்னேன். அவர் உள்ளே அழைத்தார். அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது: என் பேச்சைக் கேட்ட மறுவாரமே அவர் அந்த வேலையாட்களைத் திரும்ப அழைத்து, கூலி கொடுத்து, புகைபோக்கி முழுவதையும் ஏணி வைத்துப் பரிசோதித்திருக்கிறார். பிழையில்லை என்று அவர்கள் சொன்ன பிறகும் என்னிடம் வந்து அதைச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“நீங்கள் நம்பியிருப்பீர்களா?” என்றார்.

பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தக் கூலியை நான் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். வேண்டாம் என்று மறுப்பார் என எதிர்பார்த்தேன்; அவர் மேசை இழுப்பறையிலிருந்து பற்றுச்சீட்டை எடுத்துத் தந்தார். மறுநாள் பணத்தைக் கொடுத்தேன், எண்ணி வாங்கிக்கொண்டார். மறுத்திருந்தால் எனக்கு இன்னும் பாரமாயிருந்திருக்கும்.

தேநீர் மேசையில் என் வார்த்தையைக் கேட்டவர்கள் இதையும் கேட்கவேண்டும். அவரைப்பற்றி நான் சொன்னது உண்மையல்ல. அதை யாரிடமாவது நீங்கள் திரும்பச் சொல்லியிருந்தால், தயவுசெய்து இதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

சென்ற கிழமை இந்த மாரிகாலத்தின் முதல் கடும் உறைபனி விழுந்தது. விடிந்தபின் ஏறி, டோர்ச்சை அணைத்து உட்கார்ந்தேன். இறவாரத்தின் நெடுகிலும் வெளிச்சக் கோடு தெரிந்தது. தார்த்தாள் உலர்ந்திருந்தது, ஈரமானி 15 காட்டிற்று. கறையின்மேல் நிறம் பூசிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “அவசரப்படாதை. ஆசாரியனே ஏழு நாள் பொறுத்தவர். நாங்கள் இந்த மாரி முடியுமட்டும் பாப்பம்,” என்றார். கறை இன்னும் அங்கேயே இருக்கிறது.

அயலவர் தம்முடைய பரணையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இந்த வயதில் அவரால் ஏற இயலாது. வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்கு நானும் சகோதரரும் போகிறோம். ஈரமானியும் இரண்டு முகமூடிகளும் முழந்தாள் பலகையும் அதற்குப் பின் சபைக் காரியாலய அலமாரியில் இருக்கும். தேவைப்படுகிறவர்கள் பெயரை எழுதிவைத்து எடுத்துக்கொள்ளலாம். ஏணி மாத்திரம் என் வீட்டில் இருக்கிறது.